விளக்கும் குறியும்

நெகிரி செம்பிலானைச் சேர்ந்த பாசோ காட்டில் 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆய்வொன்றில் சதுரக் கிலோமீட்டருக்கு 27 முதல் 47 வரை காட்டுப்பன்றிகள் இருப்பதாகக் கணக்கிட்டனர். காட்டை அடுத்துச் செம்பனைத் தோட்டங்கள், ஆண்டு முழுவதும் பழம் உதிர்கிறது, புலியோ அருகிவிட்டது. பன்றி பெருகாமல் என்ன செய்யும்? இளங்கன்றுகளின் குருத்தை அது தோண்டித் தின்றுவிடுவதால், சிறுதோட்டக்காரர் சிலர் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்கின்றனர்.

அவ்வாறு உரிமம் பெற்ற என் பழைய மாணவர் ஒருவர் கடை விலைப்பட்டியலோடு வந்தார். "ஐயா, துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும்?" என்று கேட்டார். பெருக்கம் மிகுந்தால் இருளிலும் நன்கு தெரியும் என்பது அவர் எண்ணம்.

"தம்பி, வகுத்தல் கணக்கு நினைவிருக்கிறதா?" என்றேன். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை ஒன்பது மடங்கில் வைத்தால் 4.4, நான்கு மடங்கில் வைத்தால் 10. இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைக் கடந்தவர்க்கு 5 அளவில் நின்றுவிடுவதுண்டு. ஐரோப்பியர் விரும்பும் எட்டு மடங்கு, 56 மில்லிமீட்டர்க் கருவி, நெடுநேரம் நீடிக்கும் அவர்களது அந்திக்கு ஏற்றது. நம் நாட்டிலோ கதிரவன் மறைந்து அரைமணிக்குள் இருள் மூடிவிடுகிறது. நம்மவர் கையில் இருப்பது பெரும்பாலும் சிதறுகுண்டுத் துப்பாக்கி. முப்பது நாற்பது மீட்டருக்குமேல் அதனை நம்ப இயலாது. ஆதலால் ஒன்று முதல் நான்கு மடங்கு வரையுள்ள எளிய கருவியே போதும் என்றேன். குறிப்புள்ளியின் ஒளியையும் மிகக் குறைக்க இயலவேண்டும். இல்லையேல் அப்புள்ளியே கண்ணைக் கூசச் செய்யும்.

அடுத்து விளக்கு. இருளுக்கு முற்றும் பழகக் கண்ணுக்கு அரைமணி வேண்டும். வெள்ளொளி அப்பழக்கத்தை நொடியில் அழித்துவிடும். செவ்வொளி அவ்வளவாக அழிப்பதில்லை. பன்றியின் கண்ணுக்கும் சிவப்பு நன்கு புலப்படாது. ஆகவே காத்திருக்கும் வேளைக்குச் செவ்விளக்கு நன்று.

சுடும் வேளைக்கு அது போதாது. மாடு, மான், புனுகுப்பூனை ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னே ஒளியைத் திருப்பியெறியும் படலம் உண்டு. விளக்குப் பட்டால் அவை நெருப்புத் துண்டுகளாக மின்னும். பன்றிக்கு அப்படலம் இல்லை. மனிதனுக்கும் இல்லை! மின்னாத கருந்திட்டு ஒன்று தெரிந்தால் அது பன்றியாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம்.

இது வெறும் நூலறிவன்று. என் தந்தையார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர். அடிப்பட்டையை வெட்டும்போது மரத்தடியில் குந்தியே அமர வேண்டும். விளக்கின் ஒளி பட்டையில் விழும். பின்னாலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவது கூனிய கரிய முதுகு மட்டுமே. சிறுவனாக வாளி தூக்கிச் சென்ற நான் அம்முதுகைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உடலின் வெப்பத்தைக் காட்டும் கருவியைப் பற்றியும் மாணவர் கேட்டார். விலை மிகுதி, பன்றி எங்கே இருக்கிறது என்று தேட நன்று. ஆனால் புதருக்குப் பின் பாதி மறைந்த உடல் அதிலும் ஒரு வெண்திட்டுதான். மழை பெய்யும்போது அத்திட்டும் மங்கும்.

முடிவில் அவர் சிறிய தொலைநோக்கி ஒன்றும், செவ்விளக்கு ஒன்றும், அகன்ற வெள்ளொளி வீசும் கைவிளக்கு ஒன்றும் வாங்கினார். வெள்விளக்கைத் துப்பாக்கியில் பொருத்த வேண்டா என்று வற்புறுத்தினேன். பொருத்தினால், யாரென்று பார்ப்பதற்கே குழலை அவர்மேல் நீட்ட நேரிடும். அடுத்த இரப்பர்த் தோட்டத்தில் இப்போது பால் வெட்டுவோர் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். வேட்டைக்குப் புறப்படுமுன் மாணவர் அவர்களது மண்டோரிடம் சென்று, மறுநாள் எந்த நிரையில் வெட்டு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்.