அலமாரியின் உட்புறம்

தருமபுரிப் பகுதியில் இன்று வீடு கட்டுவோர் எவரிடம் பேசினாலும், சமையலறை என்றவுடன் ‘மாடுலர் கிச்சன்’ என்றே சொல்கின்றனர். நாமும் விலை விசாரித்தோம். கையிருப்பு போதவில்லை, மீதியைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். தவணை விற்பனையே கூடாது என்பதில்லை. ரொக்க விலையைவிடக் கூடுதலான ஒரு விலையை முதலிலேயே உறுதிசெய்து, அதைத் தவணைகளில் செலுத்துவதைப் பெரும்பான்மையான மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர். ஆயினும் நம்மிடம் நீட்டப்பட்ட தாள் நிதி நிறுவனம் ஒன்றின் கடன் பத்திரம். அதற்கு வட்டி உண்டு. தவணை தவறினால் அபராத வட்டியும் உண்டு. பிள்ளைகளுக்கு உணவு சமைக்கும் இடத்தை வட்டியால் அமைக்க மனம் ஒப்பவில்லை. கையில் உள்ளதைக் கொண்டு நாமே செய்துகொள்வதென முடிவாயிற்று.

முதற் கேள்வி பலகை. கடைகளில் பளபளப்பாக அடுக்கப்பட்டிருப்பவற்றுள் பல, மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகைகள். மேலே ஒட்டிய மைக்கா அழகாகவே இருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் கீழ் ஓரத்தில் ஈரம் ஒருமுறை ஏறிவிட்டால் அது ஊதிவிடும். மீண்டும் பழைய நிலைக்கு வராது. பிளைவுட்டிலும் வேறுபாடு உண்டு. ஐ.எஸ். 303 என்னும் முத்திரை பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு உரியது, ஐ.எஸ். 710 என்பது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட பலகைக்கு உரியது. மேல்தாள் ஒட்டியபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வாங்குபவர் முத்திரையைப் பார்க்காவிட்டால், விற்பவரின் நேர்மையே அவருக்குத் துணை.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு நிகழ்ச்சியை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். கடைவீதியில் குவித்திருந்த தானியத்தினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வியாபாரி கூற, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள்; மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மரக்கடையில் நின்று பலகையின் வெட்டு முனையைத் தடவிப் பார்த்தபோது இந்தப் பாடமே நினைவில் வந்தது.

நம்மிடம் மரமும் இருந்தது. கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பை முன்பே மில்லில் அறுத்து, பலகைகளுக்கு இடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்கியிருந்தோம். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு காயவேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. “தேக்கில் செய்தால்தானே மதிப்பு?” என்று உறவினர் கேட்டனர். வேம்பின் கசப்பைப் பூச்சிகள் விரும்புவதில்லை. அதுவே நமக்குப் போதுமான மதிப்பு. மஸ்ஜிதுன் நபவியின் மிம்பர் கூட மதீனாவுக்கு அருகிலிருந்த அல்-காபா வனத்தின் அஸ்ல் மரத்தால் செய்யப்பட்டதென்று புகாரியில் காண்கிறோம். அண்மையில் கிடைத்த மரமே அந்தச் சிறப்பைப் பெற்றது.

அடுத்தது மூட்டு. இதில்தான் அதிக நாட்கள் சென்றன. பலகையின் வெட்டு முனையில் திருகாணி சரியாகப் பிடிக்காது. இழைகளுக்கு இணையாக நுழைவதால் நாளடைவில் தளர்ந்துவிடும். எனவே சட்டங்களில் ஆணியைத் தவிர்த்தோம். ஒரு சட்டத்தில் உளியால் துளை பொளித்து, மற்றதன் முனையை நாக்குப்போலச் சீவி அதனுள் இறுக்கமாகச் செருகினோம். குறுக்கே ஒரு மரமுளை அடித்தால் சட்டம் அசைவதில்லை. இழுப்பறைகளின் மூலைகளுக்குப் புறாவின் வால்போல விரிந்த பற்களை வெட்டிக் கோத்தோம். முன்பக்கம் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பற்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பொருத்தும்போது நாம் பசைப் புட்டியை எடுக்க, பக்கத்துத் தெரு ஆசாரி கையமர்த்தினார். “பாய், இதுக்குப் பசை போடாதீங்க. சித்திரையில பலகை சுருங்கும், ஐப்பசியில ஊதும். அதுக்கு இடம் விடுங்க.” மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை, அகலவாக்கில்தான் ஈரத்திற்கேற்ப விரிந்து சுருங்கும். அதை இறுக ஒட்டினால் பலகை பிளக்கும், அல்லது சட்டம் திறக்கும். காடியில் சற்று இடைவெளி விட்டுப் பசையின்றி நிறுத்தினோம்.

ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்ற நபிமொழியை மகனிடம் சொன்னபோது அவன் வியந்தான். இறைத்தூதர் ஒருவர் இழைப்புளி பிடித்திருப்பார் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. அன்று முதல் உப்புத்தாள் தேய்க்கும் வேலை அவனுடையதாயிற்று. எவரும் பார்க்காத பின்பக்கத்தையும் தேய்க்க வேண்டுமா என்று கேட்டான். அங்கேதான் உம்மாவின் கை அரிசி டப்பாவைத் தேடும் என்றோம், மறுபேச்சின்றித் தேய்த்தான்.

அடித்தட்டுக்கு மட்டும் மரம் வேண்டாமென்று வீட்டார் உறுதியாக இருந்தனர். தரையைக் கழுவும் தண்ணீரும் கறையானும் முதலில் தொடுவது அதைத்தான். அந்தக் கருத்தே சரியானது. கீழ்த்தட்டுக்குக் கடப்பைக் கல் பதித்து, அதன்மேல் மரச்சட்டத்தை நிறுத்தினோம். இன்னும் இரண்டு கதவுகள் மீதமுள்ளன. மதரஸா விடுமுறை ஷஅபானில் தொடங்கும். இன்ஷா அல்லாஹ், ரமழான் பிறை தெரிவதற்குள் அவற்றுக்கும் கீல் பூட்டிவிடலாம்.