அத்தா நின்ற இடம்

பெருநாள் காசு பிள்ளைகளின் உரிமை. அதில் பெற்றோர் தலையிடலாகாது என்று பிறருக்குச் சொல்லிவரும் நானே, என் மகன் விஷயத்தில் அதை மறந்துவிட்டேன். பதினான்கு வயதான அவன், பல பெருநாள்களாகச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு சிறிய இரயில் எஞ்சினும் நான்கு வண்டிகளும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "படிக்கிற வயதில் இது என்ன வீண்விரயம்?" என்று கடிந்துகொண்டேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

அந்த மௌனம் இரண்டு நாள் என்னை உறுத்தியது. எங்கள் வீடு திருநின்றவூர் இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் செல்கிறது. தொட்டிலில் கிடந்த நாள் முதல் இரயிலோசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரயில்மீது ஆசை வருவது குற்றமா? மூன்றாம் நாள் இஷா தொழுகைக்குப் பிறகு அந்தப் பெட்டியை நானே வெளியே எடுத்து, "இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டேன்.

"காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் இரயில் செய்யப்போகிறேன், அத்தா. பரம்பிக்குளத்தில் ஓடியது போல" என்றான்.

முந்தைய ஆண்டு பொள்ளாச்சியில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, டாப்சிலிப் வரை போய் வந்தோம். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது என்று கேட்டறிந்தோம். அதற்கு அப்பால் பரம்பிக்குளம். அங்கிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதை அமைத்திருந்தது. மீட்டர் அகலப் பாதை. ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின்கள். 1907இல் ஓடத் தொடங்கி, 1963இல் நிறுத்தப்பட்டது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் கிடையாது. மரம் ஏற்றிய வண்டியையும் காலி வண்டியையும் ஒரே வடத்தில் கட்டிவிடுவார்கள். பாரவண்டி இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும். வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்ற எனக்கு இவையெல்லாம் அன்று வெறும் செய்திகள். அவனுக்கோ அவை மனத்தில் பதிந்த காட்சிகள் என்பது இப்போதுதான் புரிந்தது.

சம்மதித்தேன். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தேன்: "இரயில் சும்மா சுற்றிவரக் கூடாது. கொண்டுவந்த மரம் எங்கே போகிறது என்பதும் தெரியவேண்டும்." ஆகவே, மலையடிவாரத்தில் ஒரு மர அறுவை ஆலை, மக்கள் வழக்கில் சொன்னால் ஒரு சாமில், கட்டுவதென்று முடிவாயிற்று. அது நாங்களாகக் கற்பனை செய்துகொண்ட ஆலை.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சாமில்லில் வேலை செய்தவர். அதிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு இரயில் ஏறுவார். இருட்டிய பிறகு தலையிலும் புருவத்திலும் மரத்தூளோடு திரும்புவார். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்பது அவருடைய கட்டளை. அவர் மௌத்தாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வேலை செய்த இடத்தின் உட்புறத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டிகள் உண்மையில் 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. எனவே ஆலையும் அதே அளவில் அமையவேண்டும். முப்பதடி மரம் பத்தரை சென்டிமீட்டர் ஆகும். ஐந்தரை அடி மனிதன் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டான். ஐஸ் குச்சிகள் பலகைகளாயின, தீக்குச்சிகள் சட்டங்களாயின. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்ததும் அவற்றுக்குப் பழைய மரத்தின் நிறம் வந்தது. கூரைக்குத் தகரம் வேண்டுமே! உணவுப் பொட்டலம் வரும் அலுமினியத் தாளைப் பேன் சீப்பின்மீது வைத்து நகத்தால் அழுத்தினால், நெளி நெளியாக அச்சு அசலான தகரக் கூரை கிடைத்தது. மனித உருவமும் யானை உருவமும் வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தோம். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதரஸா ஆசிரியரின் வீட்டில் பேணுதலான வழியே நல்லது என்று நினைத்தேன். யானை இழுத்துவந்த தடத்தையும் ஒரு சங்கிலியையும் மண்ணில் காட்டினோம். பார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

பத்து நாளில் நான்கு சுவர், இரண்டு கதவு, ஆறு சன்னலோடு அழகான ஆலை எழுந்து நின்றது. என் அம்மாவை அழைத்துக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கல்யாண மண்டபம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

"அத்தம்மா, இது சாமில்!" என்றான் பேரன்.

"முப்பதடி மரம் இந்தக் கதவு வழியாக எப்படி உள்ளே வரும்? வந்தால் எங்கே திரும்பும்?"

நான் திகைத்துப் போனேன். "அம்மா, நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"தூளுக்கு யார் போனார்கள்?" என்றார்.

எங்கள் வீட்டில் வெகுகாலம் மரத்தூள் அடுப்புத்தான் எரிந்தது. நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைப்பார்கள். அந்தத் தூளை அள்ள வாரம் ஒருமுறை சாக்கோடு அம்மா அந்த ஆலைக்குப் போயிருக்கிறார். எனக்குத் தடை செய்யப்பட்ட இடத்தை அவர் மூலை முடுக்கெல்லாம் அறிந்திருந்தார்.

அன்றிரவே சுவர்களைப் பிரித்தோம். அம்மா சொல்லச் சொல்ல ஆலை மாறியது. சுவரே வேண்டாம்; தூண்களும் கூரையும் போதும், தூசும் வெளியேறும், வெளிச்சமும் வரும். மரத்தைச் சுமக்கும் டிராலி ஓடுகிற தண்டவாளம், மரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளமாக இருக்கவேண்டும். முழு மரமும் வாளுக்கு முன்னால் நின்று, முழு மரமும் வாளைக் கடந்து போகவேண்டுமல்லவா? இரண்டு சட்டைப் பொத்தான்களை மேலும் கீழுமாகச் சக்கரங்களாக்கி, பழைய ஒலிநாடாவை நீளவாக்கில் நறுக்கிப் பட்டை வாளாகச் சுற்றினோம். கீழ்ச் சக்கரம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கவேண்டும் என்றார். தூள் விழுவதும் அங்கேதான். உண்மையான மரத்தூளை மெல்லிய துணியில் சலித்து அந்தப் பள்ளத்தில் நிரப்பினோம். அறுத்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கியிருந்தான் மகன். "மூச்சுவிட இடம் கொடு" என்றார் அம்மா. அடுக்குகளுக்கு இடையே குறுக்குக் குச்சி வைத்தால்தான் காற்று ஊடுருவிப் பலகை கோணாமல் காயுமாம்.

"தாத்தா எங்கே நிற்பார், அத்தம்மா?" என்று மகன் கேட்டான்.

அம்மா விரலை நீட்டிக் காட்டினார். வாளுக்கு எதிரே அல்ல. பின்புறம், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குத் தோல் பட்டை ஓடுகிற ஓரத்தில். "முதலில் இங்கே. கை போன பிறகு, அதோ, மரம் அடுக்கியிருக்கும் வாசல் பக்கம்" என்றார்.

அத்தாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது இரும்புக் கதவில் சிக்கி நசுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நாற்பது வயதைக் கடந்த பின்னும் அதையே நம்பியிருந்தேன்.

"கதவுமில்லை, ஒன்றுமில்லை. பட்டைக்கு மூடி கிடையாது. மஃரிப் நேரம், வெளிச்சம் குறைந்துவிட்டது. சக்கரத்தடியில் கிடந்த மரத்துண்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். பட்டை கையை இழுத்துக்கொண்டது. சோறு போடுகிற இடத்தைப் பிள்ளை வெறுக்கக்கூடாது, அவனிடம் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை" என்றார் அம்மா.

அதன் பின்னர் அத்தா மரம் அளக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார், கூலியும் குறைந்தது. அந்த அளவை மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மரத்தின் சுற்றளவை நூலால் எடுத்து, நூலை நான்காக மடித்து, அந்த அளவை அதே அளவால் பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்கவேண்டும். நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள மரம் பத்துக் கன அடி. பள்ளிக்கூடத்து உருளைக் கணக்கில் அது ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் வரும். "மீதி எங்கே, அத்தா?" என்று கேட்டதற்கு, "அறுக்கும்போது போகிற தூளுக்கும் கழிவுக்கும் விட்டுவிட்டார்கள்" என்றார். கணக்கிலே மரத்தின் சேதாரத்துக்குக்கூட இடம் இருந்திருக்கிறது.

மறுநாள் மகன் ஒரு கேள்வியோடு வந்தான். "அத்தா, பட்டைக்கு மூடி வைக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். அதுதான் வரலாறு" என்றேன்.

உள்ளே இருந்த அம்மாவின் குரல் கேட்டது: "மூடு. இதைப் பார்க்க மதரஸாப் பிள்ளைகள் வருவார்கள். சாமில் என்றால் பட்டை திறந்துதான் கிடக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளவா?"

எனக்கு மறுமொழி இல்லை. ஓடும் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை உறுதியான தடுப்பால் மூடியிருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு கட்டளையிட்டது. அத்தாவின் விரல்கள் போனபோது அந்தச் சட்டத்துக்கு நாற்பது வயது கடந்திருந்தது. சட்டம் படித்தறியாத அம்மாவும் அதையேதான் கேட்டார். மகன் அலுமினியத் தாளில் மூடி செய்து, மஞ்சள் நிறம் பூசி, பட்டையின்மேல் பொருத்தினான். அத்தா நின்ற ஓரத்தில் ஒரு துண்டையும் சிறு மண்பானையையும் வைத்தான். அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

விடுமுறை முடியும் முன்பு மதரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தோம். இரயில் மலையிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தது. டிராலி வாளை நோக்கி நகர்ந்தது. எல்லோரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் அந்த மஞ்சள் பெட்டியைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கும் முன்பே மகன் தாத்தாவின் கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். பிள்ளைகள் இரயிலை மறந்து கேட்டார்கள். வாசற்படியில் அமர்ந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் எங்கே நின்று, என்ன வேலை செய்து உங்களை வளர்த்தார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அத்தாவிடம் கேட்கவில்லை. அம்மா இருந்ததால், அல்ஹம்துலில்லாஹ், இப்போதாவது தெரிந்துகொண்டேன். அல்லாஹ் அத்தாவின் உழைப்பை ஏற்று, அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.