வெப்பத்தின் போக்கிடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பங்குனியும் சித்திரையும் புழுக்கத்தின் காலம். வாடைக் காற்று ஓய்ந்துவிடும். சோளகமோ இன்னும் எழுந்திராது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலமாதலால் வளியில் ஈரம் குன்றுவதில்லை. வியர்வை ஆவியாகும்போதே உடலின் வெப்பம் நீங்கும். ஈரம் செறிந்த வளியிலோ வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆகவே வெப்பமானி காட்டுவதிலும் கூடிய வெம்மையை உடல் உணர்கின்றது. இளையோர்க்கு இது உறக்கக் கேடு. முதியோர்க்கும் நோயாளர்க்கும் உயிரோடு தொடர்புற்ற விடயம்.

இவ்வெம்மையை முன்னோர் அறியாதவரல்லர். உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்றுவதிலும் பார்க்க, அதனை உள்ளே வரவிடாது தடுப்பதிலேயே அவர்கள் கருத்தூன்றினர். பனையோலைக் கூரை இதற்குத் தக்க சான்றாகும். ஓலை அடுக்குகளிடையே அடைபட்டு நிற்கும் வளி வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஓலை தானும் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் இயல்பினதன்று. பொழுது சாய்ந்து சிறிது நேரத்திற் கூரை ஆறிவிடும். தாழ்ந்திறங்கிய தாழ்வாரம் சுவரில் வெயில் படாது காத்தது. வசதி படைத்தோரின் நாற்சார் வீட்டில், சூடேறிய வளி மேலெழுந்து செல்ல நடுமுற்றம் வழிவிட்டது. வளவில் நின்ற வேம்பும் மாவும் கூரைக்கு மேல் மற்றொரு கூரையாயின. கோடை இரவுகளில் அறைக்குள் உறங்கியோரும் சிலரே. திண்ணையிலும் முற்றத்திலும் பாய் விரிக்கப்பட்டது.

பழைமையைப் போற்றும் ஆர்வத்தில் அதன் இடர்ப்பாடுகளை மறைத்தல் முறையன்று. ஓலைக் கூரையை அடிக்கடி வேயவேண்டும். ஒரு தீப்பொறிக்கும் அஞ்சவேண்டும். போரில் வீடிழந்து பன்முறை இடம்பெயர்ந்த மக்கள், மீண்டும் கட்ட முனைந்தபோது உறுதியான கொங்கிறீற்றுத் தட்டையும், விரைவில் அமைக்கத்தக்க தகரத்தையும் அஸ்பெஸ்ரஸ் தகட்டையும் நாடியதில் வியப்பில்லை. ஆயினும் கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுதும் வெயிலை உள்வாங்கி, இரவில் அதனை அறைக்குள் விடுகின்றது. நுளம்புக்கும் திருடர்க்கும் அஞ்சி யன்னல்கள் சாத்தப்படுகின்றன. மின்விசிறி அந்தச் சூடான வளியையே சுழற்றுகின்றது.

இத்தகைய அறைக்குள்தான் இன்று சில்லுப் பூட்டிய வளிச்சீராக்கி வந்து சேர்கின்றது. சுவரிற் பொருத்தும் கருவிக்குச் சுவரைத் துளைக்கவேண்டும். அதன் மறுபாதியை வெளியே நிறுத்தவேண்டும். வாடகை வீட்டில் அதற்கு இசைவு கிடைப்பது அரிது. நகர்த்தக்கூடிய பெட்டிக்கு இத்தொல்லை இல்லை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் மகன், தனித்திருக்கும் தாய்க்கு அதனை வாங்க இங்குள்ள கடைக்குப் பணம் அனுப்புகின்றான். முதல் இரவில் தாய்க்குப் பெருமகிழ்ச்சி. மூன்றாம் நாள் தொலைபேசியில், "முன்னாலை இருந்தாக் குளிருது தம்பி, அறை மட்டும் ஆறுதில்லை" என்கின்றாள். "பெரிய பெட்டியெல்லோ அம்மா வாங்கினது" என்கின்றான் மகன். இருவர் கூற்றும் மெய்யே. தாயின் நலம் கருதிச் செலவிட்ட பணம் ஏன் பயன்தரவில்லை என்பது இருவர்க்கும் புலப்படுவதில்லை.

இதனை விளக்கப் பௌதிகத்தின் எளிய உண்மையொன்று போதும். எக்கருவியும் குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் விடுகின்றது. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்திற்காக 1902இல் வில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த கருவியும் இதனையே செய்தது. அதன் நோக்கம் மனிதர்க்குச் சுகமளிப்பதன்று; வளியின் ஈரத்தாற் கடதாசி விரிந்து சுருங்க, வண்ணங்கள் பிசகிப் பதிந்த குறையை நீக்குவதே. இக்கருவிகளின் ஆற்றலைக் குறிக்க இன்றும் வழங்கும் 'தொன்' என்னும் அளவு பனிக்கட்டிக் காலத்தின் எச்சமாகும். 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகுகையில் உறிஞ்சும் வெப்பத்தின் வீதம் அது. மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு, அல்லது ஏறத்தாழ 3,500 வாற்று என அது கணிக்கப்படும்.

நகர்த்தக்கூடிய பெட்டியிற் குளிர்விக்கும் பகுதியும் வெப்பத்தைக் கக்கும் பகுதியும் அறைக்குள்ளேயே ஒருங்கிருக்கின்றன. அறையிலிருந்து எடுத்த வெப்பமும், கருவி உண்ட மின்சாரத்தால் எழும் வெப்பமும் தடித்த குழாய் வழியே வெளியேறவேண்டும். குழாயின் வாயை அறைக்குள்ளேயே விட்டால், கருவி ஓடுந்தோறும் அறை மேலும் சூடேறும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக் குசினியைக் குளிர்விக்க முயல்வதற்கு இது ஒப்பாகும்.

குழாயை யன்னலுக்கு வெளியே விட்டபின்னும் ஒரு குறை எஞ்சுகின்றது. மலிவாகக் கிடைக்கும் ஒற்றைக் குழாய்ப் பெட்டி, தன் வெப்பத்தைப் போக்குதற்கு அறையின் குளிர்ந்த வளியையே இழுத்து வெளியே தள்ளுகின்றது. அறையின் அமுக்கம் குறைகின்றது. வெளியேறிய அளவு வளி எவ்வழியாலேனும் உள்ளே வந்தாகவேண்டும். கதவின் கீழும், யன்னற் சட்டத்தின் இடுக்கிலும், ஓடுகளின் இடைவெளியிலும் சூடும் ஈரமும் கொண்ட வெளிவளி புகுகின்றது. ஓட்டை வாளியாற் கிணறு இறைக்கும் கதைதான். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 2016இல் வகுத்த அளவீட்டு முறை இவ்விழப்பையும் கணக்கிற் சேர்த்தது. பழைய முறையில் 12,000 அலகு எனப் பொறிக்கப்பட்ட பெட்டி, புதிய முறையில் 8,000 அலகையும் எட்டாமற் போவதுண்டு. வெளிவளியை ஒரு குழாயால் எடுத்து மறு குழாயால் விடும் இரட்டைக் குழாய்ப் பெட்டியில் இவ்விழப்புப் பெரிதும் குறையும்.

கடைகளில் இதனோடு அருகருகே வைத்து விற்கப்படும் மற்றொரு பெட்டியையும் பிரித்தறிதல் வேண்டும். நீர் ஊற்றி இயக்கும் காற்றுக் குளிர்ப்பி, மண் கூசாவில் நீர் குளிரும் அதே முறையில், நீரை ஆவியாக்கிக் குளிர்மை தருவது. இராசத்தானின் வறண்ட வளியில் அது நன்கு பயன்படும். யாழ்ப்பாணத்தின் ஈர வளியிலோ, மூடிய அறைக்குள் அது மேலும் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தைக் கூட்டும். விலை குறைவென்று அதனை வாங்குவோர் வேண்டாத ஈரத்தையும் வாங்குகின்றனர்.

ஆகவே அறையைக் குளிர்விக்க எண்ணுவோர் கருவியில் அன்றி அறையிலிருந்தே தொடங்கவேண்டும். கூரையின் கீழ் உட்கூரை அமைத்தலும், தட்டின் மேல் வெள்ளை பூசுதலும் அல்லது ஓலைப் பந்தரிடுதலும், மேற்கு யன்னலுக்கு வெளிப்புறத்தே கிடுகுத் தட்டி கட்டுதலும் முதல் வேலைகள். அதன் பின்னரே கருவியின் முறை. குழாய் குறுகியதாகவும் வளைவின்றியும் இருக்கவேண்டும். குழாய் செல்லும் யன்னல் இடைவெளியைப் பலகையால் அடைக்கவேண்டும். கூரையோரத்து வளித்துளைகள், கதவிடுக்குகள் ஆகியவற்றையும் இயன்றவரை மூடுதல் நன்று. வளியிலிருந்து பிரியும் நீர் பெட்டியில் தேங்கின், அதனை நாள்தோறும் ஊற்றிவிடவேண்டும். வெப்பநிலையை 26 அல்லது 27 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டாற் பலர்க்கு அதுவே போதும். அந்தத் தாயின் அறைக்கு, இன்னும் பெரிய பெட்டியிலும் பார்க்க இரு முழப் பலகையும் ஓர் உட்கூரையும் உதவியிருக்கும்.

செலவையும் கருதவேண்டும். 1,000 வாற்று உண்ணும் கருவி இரவில் 8 மணித்தியாலம் இடைவிடாது இயங்கின், முப்பது இரவில் 240 அலகு மின்சாரம் செலவாகும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் படிமுறைக் கட்டணத்தில் இது சிறு சுமையன்று. 1990இன் பின்னர்ப் பல ஆண்டுகள் மின்சாரமே இன்றிக் குப்பி விளக்கில் வாழ்ந்த குடாநாடு இது. 2022இன் நெருக்கடியில் நாடு முழுவதிலும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்ததையும் மறத்தலாகாது. மின்சாரத்தை மட்டும் நம்பி யன்னலில்லாது கட்டிய அறை, அத்தகைய இரவில் எவர்க்கும் உதவாது.

இறுதியாக எழும் வினா, அறையிலிருந்து எடுத்த வெப்பம் எங்கே போகின்றது என்பதாகும். திருநெல்வேலியிற் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் வாடகை அறைகள் நெருங்கி நிற்கின்றன. ஓர் அறையின் குழாய் வாய் அடுத்த அறையின் யன்னலை நோக்கித் திறக்கலாம். அங்கே கருவி வாங்க வசதியற்ற மாணவர் ஒருவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். மின்சாரத்தின் கழிவும் இவ்வாறே எவரிடமேனும் சென்று சேர்கின்றது. சுன்னாகத்தில் மின் பிறப்பாக்க நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பும் பெற்றது. ஒருவர் வீட்டு விளக்கின் விலையை மற்றொருவர் கிணறு செலுத்தியதை இம்மண் கண்டுள்ளது.

இதனாற் குளிர்மையே தகாதென்று கூறுதல் பொருந்தாது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஓர் அறையேனும் குளிர்ந்திருத்தல் இன்றியமையாத தேவை. வீட்டில் ஒரு கருவிதான் உண்டெனின் அது அவர்கள் அறையிலேயே இருத்தல் முறை. ஏனையோர்க்கு நிழலும் காற்றும் வரும் வீடு வேண்டும். பழைய வீட்டை அப்படியே மீட்டல் இயலாது. ஆயினும் வெப்பத்தை முதலில் வாசலிலேயே மறித்த அதன் அறிவைப் புதிய வீட்டிற்குக் கொண்டுவரலாம். வீடு கட்டுவோரும், கட்டக் கற்பிப்போரும், கற்போரும் இதனைக் கருத்திற் கொள்வாராயின், வெளியே தள்ளவேண்டிய வெப்பமும் குறையும். அதனைச் சுமக்கவேண்டிய அயலவரும் குறைவர்.