ஏழு லட்சம் முல்லர்கள்

ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. வாசலில் அழைப்பு மணிப் பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். தபால்காரரும் விருந்தாளியும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வருவார்கள். அங்கே வாழ்ந்த காலத்தில் இந்தப் பலகைகளைப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஷ்மிட் என்றால் கொல்லர். ஷ்னைடர் தையல்காரர். ஃபிஷர் மீன் பிடிப்பவர். வேபர் நெசவாளி. வாக்னர் வண்டி செய்பவர். பழைய ஊர் ஒன்றின் தொழில்கள் அத்தனையும் ஒரு வாசலில் வரிசையாக நிற்கும்.

எந்தப் பலகையைப் பார்த்தாலும் தவறாமல் தென்பட்ட பெயர் முல்லர். மாவு மில் நடத்துபவர் என்று பொருள். ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் இதுதான். சுமார் 7 லட்சம் பேர். நூறு பேரை நிறுத்தினால் அதில் ஏறத்தாழ ஒருவர் முல்லராக இருப்பார். சுவிட்சர்லாந்திலும் இதற்கே முதலிடம். ஆனால் நான் அங்கே பழகிய முல்லர்களில் ஒருவர்கூட மாவு அரைத்தவர் இல்லை. பல் மருத்துவர் இருந்தார், பேருந்து ஓட்டுநர் இருந்தார், நூலகர் இருந்தார். ஊர் திரும்பி வருடங்கள் ஓடிவிட்டன. அந்த நாட்டை நினைக்கும்போதெல்லாம் மனம் போய் நிற்பது அவர்கள் பெயர் பிறந்த இடத்தில், ஓடைக்கரை மில்லில்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை ஜெர்மன் பேசிய ஊர்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பெயர்தான். ஊர் பெருத்தது. தெருவுக்கு நான்கு ஹான்ஸ், மூன்று கொன்ராட் என்று ஆனது. வரிக் கணக்கு எழுதவும் நிலத்தைப் பதியவும் அது போதவில்லை. செய்யும் தொழில், வந்த ஊர், ஆள் தோற்றம், அப்பா பெயர் என ஏதோ ஒன்றைச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். ஊரில் உழவர் நாற்பது பேர் இருக்கலாம். மில்காரர் ஒருவர்தான். மில்காரர் ஹான்ஸ் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரு மில் இருந்தது. ஊருக்கு ஒருவர் என்ற கணக்கில் நாடு முழுக்க முல்லர்கள் உண்டானார்கள்.

மில் வைப்பது அவரவர் இஷ்டமும் அல்ல. ஓடைத் தண்ணீரின் மீது உரிமை பிரபுவுக்கோ மடாலயத்துக்கோ இருந்தது. பல இடங்களில், இன்ன கிராமத்தார் இன்ன மில்லில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயமே இருந்தது. கூலி பணமாக அல்ல, தானியமாக. பல ஊர்களில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் மில் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றது. பெயரும் ஒட்டிக்கொண்டது. 1876 ஜனவரியில் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அரசு அலுவலகத்துக்குப் போனபோது, மில்லை விட்டு எப்போதோ விலகியவர்களும் முல்லராகவே பதிவானார்கள்.

வட்டாரத்துக்கு வட்டாரம் பெயரின் ஒலி மாறும். வடக்கே கடலோரம் மெல்லர். தெற்கே பவேரியாவின் ஷ்வாபிய பகுதியில் மில்லர். ஆஸ்திரியப் பக்கம் முல்னர். படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்ட காலத்தில் சிலர் மோலிட்டர் ஆனார்கள். அமெரிக்கா போன முல்லர்கள் பலர் அங்கே மில்லராகக் கரைந்துபோனார்கள். எந்த மில் என்று சொல்லும் பெயர்களும் உண்டு. மரம் அறுத்தவர் ஸேக்முல்லர். எண்ணெய் ஆட்டியவர் ஓல்முல்லர். தோல் பதனிடப் பட்டை இடித்தவர் லோமுல்லர். திரையில் டார்சானாக வந்த ஜானி வைஸ்முல்லரின் பெயர் வெள்ளை மாவு அரைத்தவரைக் குறிப்பது. 2005ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டு ஜெர்மன் அறிஞர்கள் குடும்பப் பெயர்களுக்கென்று பல தொகுதிகளாக வரைபட நூலே போட்டிருக்கிறார்கள். அதைப் புரட்டினால் ஒவ்வொரு பெயரும் எந்த ஆற்றங்கரையில் அடர்ந்து கிடக்கிறது என்பது தெரியும்.

எனக்கு மில்லைக் காட்டிய ஊர் ஒட்டன்ஹொஃபன். கருங்காடு என்று பொருள்படும் ஷ்வார்ட்ஸ்வால்டில், ஆஹர்ன் நகரத்திலிருந்து கிளம்பும் சின்ன ரயில் போய் நிற்கும் கடைசி ஊர். பழைய மில்கள் பல இன்னும் நிற்பதால் தன்னை மில் கிராமம் என்றே அழைத்துக்கொள்கிறது. மில்லிலிருந்து மில்லுக்கு நடந்து போகப் பாதை போட்டிருக்கிறார்கள்.

அங்கே ஒரு மில்லில் பெரியவர் ஒருவர் தண்ணீரைத் திறந்துவிட்டார். மரத் தூம்பு வழியாகத் தண்ணீர் சக்கரத்தின் தலையில் விழுந்தது. சக்கரம் உடனே அசையவில்லை. மேலே இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. எடை சேர்ந்ததும் ஒரு முனகலோடு புரண்டது. உள்ளே பல்சக்கரங்கள் அந்த மெதுவான சுற்றை வேகமாக்கி மேல்கல்லுக்குக் கொடுத்தன. அடிக்கல் அசையாது. மேல்கல் மட்டும் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இடையில் தாள் நுழையும் இடைவெளிதான். தானியம் தீர்ந்துபோனால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும். மாவுத் தூசு நிறைந்த மரக் கட்டடத்தில் அது பேராபத்து. அதற்காகத் தானியத் தொட்டிக்குள் ஒரு தோல் வார் வைத்திருந்தார்கள். தானியத்தின் எடை அந்த வாரை அழுத்திப் பிடித்திருக்கும். தொட்டி காலியாகும்போது வார் தளரும், மணி அடிக்கும். தூக்கத்திலும் அந்த மணிக்கு எழுந்திருக்கப் பழகியவர்தான் மில்காரர் என்றார் பெரியவர்.

அரைபட்ட மாவு ஒரு நீளப் பெட்டிக்குள் இருந்த துணிக் குழாயில் விழுந்தது. மரக் கவை ஒன்று அந்தத் துணியை ஓயாமல் உலுக்கியது. மில்லின் சடசட ஓசை அங்கிருந்துதான் வந்தது. மெல்லிய மாவு துணி வழியே சலித்து இறங்கியது. தவிடு மட்டும் கடைசிவரை போய்ப் பெட்டியின் முகப்பில் வெளியே வந்தது. அந்த முகப்பில் மரத்தில் செதுக்கிய பூத முகம் ஒன்று. பிதுங்கிய கண்கள், அகலத் திறந்த வாய். வாய் வழியாகத் தவிடு கொட்டிக்கொண்டே இருந்தது. தவிடு கக்குபவன் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கெட்டதை விரட்டத்தான் அந்த முகம் என்பார்கள். நான் கையை நீட்டி மாவை வாங்கினேன். இளஞ்சூடாக இருந்தது. கடைப் பொட்டலத்து மாவில் ஒருநாளும் வராத வாசனை அதில் இருந்தது.

பெரியவரின் புறங்கையில் கருநீலப் புள்ளிகள் இருந்தன. கல் தேய்ந்தால் தானியம் அரைபடாது, நசுங்கும். அதனால் மேல்கல்லைத் தூக்கிப் புரட்டி, நம் ஊரில் அம்மி கொத்துவதைப் போல, வரி வரியாகக் கொத்த வேண்டும். கொத்தும் உளியிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்குகள் தோலுக்குள் தங்கிவிடும். ஊர் ஊராக வேலை தேடிப் போன கல் கொத்துபவரின் தொழில் அனுபவத்தை அந்தக் கைகளைப் பார்த்தே அளந்தார்களாம். விடைபெறும்போது அவர் சொன்னது ‘க்ளுக் ட்ஸு’. மில்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழைய வாழ்த்து அது.

அந்தக் காலத்தை நான் தங்கத்தில் முக்கி எடுக்கவில்லை. கட்டாய அரைப்பு ஏழை உழவரை வாட்டியது. அளவில் கை வைக்கிறார் என்ற சந்தேகம் மில்காரர் மீது எப்போதும் இருந்தது. அவர் வீடு ஊருக்கு வெளியே தண்ணீரோரம். எல்லோரும் கோயிலில் இருக்கும் நேரத்திலும் அவர் சக்கரம் சுற்றும். பல இடங்களில் மில்காரர் மகனைக் கைத்தொழில் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1548ஆம் ஆண்டின் பேரரசு ஆணை, நெசவாளி, இடையர், நாவிதர் ஆகியோரோடு மில்காரர் பிள்ளைகளையும் ஒதுக்கக் கூடாது என்று எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்கே சோறு போட்ட மனிதரை ஊர் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆனாலும் அவரில்லாமல் ஒரு ரொட்டியும் வேகவில்லை. தன் வீட்டு மாவை அரைத்தது யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

மில்கள் மெல்ல மெல்லப் போயின. பிரஷ்யாவில் 1810ஐ ஒட்டி வந்த சீர்திருத்தங்கள் கட்டாய அரைப்பை ஒழித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லுக்குப் பதிலாக உருளைகள் வந்தன. நீராவியும் பிறகு மின்சாரமும் வந்தன. ஓடையோரம் இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் மில்கள் துறைமுகத்துக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில் பெரும் ஆலைகளாக எழுந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் மேற்கு ஜெர்மனியில் சிறு மில்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அரைக்கும் திறன் தேவையைவிட அதிகம் என்று 1957இல் மில் சட்டம் கொண்டுவந்தார்கள். மில்லை மூட ஒப்புக்கொண்டவருக்கு இழப்பீடு கிடைத்தது. சட்டத்தில் அதற்கு நியாயம் இருந்திருக்கும். ஆனால் அப்பாவும் தாத்தாவும் கேட்டு எழுந்த மணியை நிறுத்தக் கையெழுத்துப் போட்ட அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இன்று அங்கே மாவு மில்கள் சில நூறுதான். கடையில் மாவு வாங்கினால் 405, 550, 1050 என்று எண்கள். நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் தாது உப்பு மிஞ்சும் என்ற கணக்கு அது. பயனுள்ள கணக்குதான். அரைத்தவரை அதில் தேட முடியாது.

பெயர் மட்டும் பல துறைகளுக்குப் பயணம் போனது. 1794இல் டெசாவில் பிறந்த கவிஞர் வில்ஹெல்ம் முல்லர், கைத்தொழில் செய்தவரின் மகன். மில்காரர் மகளைக் காதலித்து மனம் உடையும் இளைஞனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு 1823இல் ஷூபர்ட் இசையமைத்தார். அதே 1823இல் கவிஞருக்கு ஒரு மகன் பிறந்தான். நாம் அறிந்த மாக்ஸ் முல்லர் அவர்தான். சாயணர் உரையோடு ரிக் வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தவர். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராதவர். சென்னையில் ஜெர்மன் படிக்கப் போகிறவர்கள் ‘மாக்ஸ் முல்லர் பவன் போகிறேன்’ என்கிறார்களே, அந்தப் பேச்சுக்குள்ளும் யாரோ ஒரு பழைய மில்காரர் இருக்கிறார். 1974 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த கெர்ட் முல்லர் இளமையில் பயின்ற தொழில் நெசவு. 2009இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஹெர்டா முல்லர். தொழில் விட்டுப் போனாலும் பெயர் உழைப்பை விடவில்லை என்று பெருமையாகவே இருக்கிறது.

பெயரும் வேலையும் அதிகாரபூர்வமாகவே பிரிந்த நாளும் வந்தது. மாவு ஆலையில் பயிற்சி பெறுபவருக்கான தொழிற்பெயரில் முல்லர் என்ற சொல் வெகுகாலம் இருந்தது. 2017இல் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது, மில் மற்றும் தானியத் துறையின் செயல்முறைத் தொழில்நுட்பர் என்று மாற்றிவிட்டார்கள். வேலைக்குப் பொருத்தமான பெயராகவே இருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் வாசலில் நின்று கூப்பிட முடியாது.

ஆனாலும் அந்த நாடு மில்லைக் கைகழுவிவிடவில்லை. காற்றிலும் நீரிலும் ஓடும் மில்களின் கைத்தொழிலைத் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1994 முதல் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திங்களன்று மில் நாள் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு நூற்றுக்கணக்கான பழைய மில்களின் கதவு திறக்கும், சக்கரம் சுற்றும், அரைத்த மாவில் ரொட்டி வேகும். மிண்டன்-லுபெக்கே மாவட்டத்தில் மட்டும் 40க்கும் மேற்பட்ட மில்களைச் சீரமைத்து ஒரே பாதையில் கோத்திருக்கிறார்கள். வடக்கில் தன்னார்வ மில்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஆசிரியர், பொறியாளர், ஓய்வு பெற்றவர் என்று பலர் வந்து காற்றின் திசை பார்க்கவும் கல்லைத் தூக்கவும் கற்கிறார்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போயிருக்கும் நம் பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. ஈஸ்டர் முடிந்து ஏழு வாரம் கழித்து, மில் நாளான அந்தத் திங்கட்கிழமை வரும். பக்கத்து ஊர் மில்லுக்குப் போங்கள். சூடு ஆறாத மாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாடி வீட்டில் முல்லர் இருந்தால் அவர் குடும்பத்து மில் எந்த ஓடையில் இருந்தது என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் தேடத் தொடங்குவார்.

எனக்கு இன்னொரு முறை அங்கே போக வாய்த்தால் அந்தப் பயிற்சி வகுப்பில் சேர்வேன். கல் கொத்தவும், மணி அடிக்கும் முன்பே தானியம் குறைவதைக் காதால் அறியவும் கற்றுக்கொள்வேன். குடும்பப் பெயர் முல்லர் இல்லையே என்று அங்கே யாரும் என்னைத் தடுக்க மாட்டார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய முதல் முல்லருக்கும் அந்தப் பெயர் பிறப்பால் வரவில்லை. மாவு அரைத்தார், ஊர் அப்படிக் கூப்பிட்டது.