உளித்தடம்

2024 மார்ச் 2, சனி. கெண்ட், பெல்ஜியம்

மேசை கிடைத்துவிட்டது. பழைய பொருள் கடையின் பின்கட்டில், மெத்தைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. முழுக்க ஓக். ப்ரூட்டலிஸ்ட் பாணி, 1970களில் செய்தது என்றார் கடைக்காரர். செய்தவர் பெயரோ பட்டறை முத்திரையோ எங்கும் இல்லை. இரண்டு மீட்டர் நீளம், 95 செ.மீ. அகலம், பலகை 6 செ.மீ. கனம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓக் கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. அப்படியானால் பலகை மட்டுமே 80 கிலோ. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில்.

மார்ச் 3, ஞாயிறு

பெரியப்பாவுக்குப் படங்கள் அனுப்பினேன். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அடியில எடுத்த படம் இருக்காப்பா?" என்றுதான் கேட்டார். இருந்தது. "குறுக்குச் சட்டம் காலைத் துளைச்சு வெளிய வந்திருக்கு பாரு, அதுல ஒரு ஆப்பு நிக்குது. அதைக் கீழேருந்து மேல தட்டு. எல்லாம் தனித்தனியா வந்துரும்."

மார்ச் 5, செவ்வாய்

மேசை வீட்டுக்கு வந்துவிட்டது. கடையிலேயே பிரித்தோம். மரச்சுத்தியால் மூன்று தட்டு. ஐம்பது வருஷ ஆப்பு பல் விழுவதுபோல் கையில் விழுந்தது. விரல் நீளம், ஒரு முனை லேசாகச் சரிவு. பசை இல்லை, ஆணி இல்லை. பலகையைக் கால்களோடு பிடித்திருந்த திருகாணிகளின் துளைகளும் வட்டமாக இல்லாமல் அகலவாக்கில் நீண்டிருந்தன. மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம். அசைய இடம் விடாமல் முடுக்கினால் பலகை வெடித்துவிடும். அதற்காக விட்ட இடம் அது. நண்பர்கள் மூவரும் நானுமாகப் பலகையை மாடிக்கு ஏற்றினோம். தோள் இன்னும் வலிக்கிறது.

மார்ச் 9, சனி

பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஓரத்தை இழைச்சு வழவழன்னு ஆக்கிடு." நானும் உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தேன். இன்று காலை வெயில் சாய்வாக விழுந்தபோது ஓரத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். வரிசையாக உளிக்குழிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், ஒன்றின் விளிம்பு அடுத்ததில் ஏறி நிற்கிறது. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஓரம் முழுக்கக் கையை ஓட்டினாள். ஒரு சிலாம்புகூட ஏறவில்லை. முரட்டுத்தனமாகக் கொத்திவிட்டுப் போன வேலை இல்லை இது. கொத்தி, பிறகு ஒவ்வொரு முனையையும் மழுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாளைப் பிரிக்கவே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

எடலாருக்குப் போய்வந்தோம். அங்கே கெர்செலாரக் குன்றில் யூலியான் லம்பென்ஸ் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. பழைய கோயில் 1961இல் எரிந்துபோக, 1966இல் இது எழுந்தது. பூச்சு இல்லாத காங்கிரீட். சுவரில் கை வைத்தால் மரப்பலகையின் ரேகை தட்டுப்படுகிறது. காங்கிரீட் ஊற்ற அடைத்த பலகைகள் விட்டுப்போன தடம். ப்ரூட்டலிசம் என்ற பெயரில் கொடூரத்தைத் தேடுகிறவர்கள் இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 'ப்ரூட்' என்றால் பிரெஞ்சில் பூசாதது, பச்சையாக விட்டது. மார்செய் நகரக் குடியிருப்பில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே விட்டுவைத்த காங்கிரீட்டுக்கு வழங்கிய சொல் அது. 1955இல் விமர்சகர் ரெய்னர் பான்ஹம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் நன்றாகப் பரவியது. மேசை நாற்காலிக்கெல்லாம் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. இங்கே காங்கிரீட்டில் மரத்தின் தடம். வீட்டில் மரத்தில் உளியின் தடம். வெகுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

மார்ச் 13, புதன்

தப்பு செய்துவிட்டேன். பழைய மெழுகை நேற்றிரவு இரும்புக் கம்பி நாரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பலகை முழுக்கக் கருநீலப் புள்ளிகள். ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மையாகிவிடும். கடுக்காயில் ஊறிய துணியில் இரும்புக் கரைசல் பட்டுக் கலம்காரியின் கறுப்புக் கோடு விழுகிறதே, அதே சங்கதி. தெரிந்திருந்தும் செய்தேன். வேலையில் மனசு ஓடவில்லை.

மார்ச் 16, சனி

கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பூசினேன். அரை மணியில் புள்ளிகள் வெளிறின. நாலு முறை நீர் விட்டுத் துடைத்தேன். ஒரு மூலையில் மட்டும் நிழல்போல் ஒன்று நிற்கிறது, அது நிற்கட்டும்.

மார்ச் 23, சனி

ஒரு வாரம் காயவிட்டு இன்று ஆளிவிதை எண்ணெய் பூசினேன். எண்ணெய் இறங்க இறங்க, வைரத்தில் குறுக்கே ஓடும் வெள்ளிக் கீற்றுகள் எழுந்து வந்தன. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முதல் சாப்பாடு. சாம்பார், வாழைக்காய் வறுவல். ஆறு பேர் உட்கார்ந்தும் மேசை இம்மி அசையவில்லை. பெரியப்பா வீடியோவில் பார்த்தார்.

"ஆப்பை இறுக்கினியா?"

"இறுக்கினேன் பெரியப்பா."

"புது இடம், மரம் இன்னும் இழுக்கும். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தட்டு தட்டு."

மே 7இல் குறித்துவைத்திருக்கிறேன்.