உண்டியலில் ஒட்ட ஒரு முகம்

கண்டியில் எந்த நோய்க்கு உண்டியல் குலுக்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாருக்குப் பிள்ளைகளே?" புற்றுநோய் என்றால் ஒரு குழந்தையின் படம் இருக்கும். சிறுநீரகம் என்றால் டொக்டரின் கடிதம் இருக்கும். வலிப்பு நோயாளருக்காக நாங்கள் சேர்த்தபோது எங்களிடம் இரண்டுமே இருக்கவில்லை. இந்த நோய் உள்ளவர்கள் முகத்தைக் காட்டுவதில்லை. காட்டுங்கள் என்று கேட்க எங்களுக்கும் மனசு வரவில்லை.

மறைக்கக் காரணம் இருக்கு. வேறு வருத்தம் வந்தால் "ஐயோ பாவம்". வலிப்பு வந்தால் "பேய் புடிச்சிருச்சு". நடராசரின் காலடியில் கிடக்கிறானே முயலகன், அவனுக்கு வடமொழியில் அபஸ்மாரன் என்று பெயர். சிங்களத்தில் இந்த நோயையே அபஸ்மாரய என்கிறார்கள். பழைய தமிழிலும் வலிப்புக்கு முயலகன் என்ற பெயர் உண்டு. நம்ம ஊரின் இரண்டு மொழிகளும் சேர்ந்து நோயாளியின் தலையில் ஒரே பூதத்தை ஏற்றி வைத்திருக்கின்றன.

பூதமும் இல்லை, தொற்றும் இல்லை. மூளையின் நரம்புக் கலங்களில் மின்செயற்பாடு கொஞ்ச நேரம் கட்டுமீறிப் போவதுதான் வலிப்பு. பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்திருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம். கிட்டத்தட்ட பாதிப்பேருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 வீதமானோர் வரை வலிப்பே வராமல் வாழலாம்.

"அப்போ காசு எதுக்கு? ஆஸ்பத்திரியில மருந்து சும்மாதானே?" என்று ஒரு அங்கிள் மடக்கினார். நல்ல கேள்வி. அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக்கும் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆனால் தெல்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து பிள்ளையைக் கண்டிக்குக் கூட்டி வருகிற அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதோடு இரண்டு பேருக்கு பஸ் காசு, பகல் சாப்பாடு. அடுத்த கிளினிக்குக்கும் இதே கதைதான். 2022இல் வந்த மாதிரி மருந்துத் தட்டுப்பாடு வந்தால் வெளியே பாமசியிலும் வாங்க வேண்டும். ஒரு கிளினிக் தவறினால் மாத்திரை நிற்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். எங்கள் உண்டியல் அந்த பஸ் காசுக்குத்தான்.

கல்யாணம் இன்னும் சிக்கல். நோயை மறைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை ஒளிக்க இடமில்லாமல் அந்தப் பெண் நிறுத்திவிடுவாள். சோடியம் வெல்ப்ரோவேட் போன்ற மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. பிள்ளை உண்டாவதற்கு முன்பே டொக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். ஒளித்து வைத்த நோயைப் பற்றி யாரிடம் பேசுவது? சட்டமே இதற்குத் துணை போயிருக்கிறது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999இல்தான் நீக்கினார்கள்.

அதனால் உண்டியலோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். வலிப்பு வந்தவரின் கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்க வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், புகழ் மட்டும் இரும்புக்குப் போகும். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அழையுங்கள்.

ஒரு அக்கா யாருக்கு என்று கேட்காமலே காசு போட்டார். பிரசுரத்தில் இரண்டை எடுத்து, நான்காக மடித்து, பேர்ஸின் உள்பக்கத்தில் வைத்து ஸிப்பை இழுத்தார். நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

இதை வாசிக்கிற கெம்பஸ் நண்பர்களுக்கு ஒன்று. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டும். எக்ஸாம் காலத்தில் நம்ம ஹொஸ்டல்களில் இரண்டுமே நடக்கும். அறையில் யாராவது தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு மாத்திரை போட்டால், என்ன மாத்திரை என்று துருவ வேண்டாம். "போட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு லைட்டை அணையுங்கள்.