மாசியில் மரக்காணம்

பெரும்பாலான குடும்பங்களில் பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்தே யாத்திரை முடிவாகிறது. அதனால் முதியவர்கள் கத்திரி வெயிலிலோ மார்கழிக் கூட்டத்திலோ புறப்பட நேர்கிறது. பணி ஓய்வு பெற்ற நமக்கோ எல்லா நாளும் விடுமுறையே. மரக்காணம் செல்ல விரும்பும் அன்பர்கள் மாசி மாதத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் உள்ளது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆற்றுப்படை என்பதும் ஒரு பயணத் திட்டமே. பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் பாணனுக்கு வழி கூறுகிறான். நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் எனப் பல்வகை நிலங்களைக் கடந்து, நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகிறது அந்நூல். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது.

மழைக்காலத்தில் உப்பளங்கள் நீரில் மூழ்கிக் கிடக்கும். தொழிலாளர்க்கு வேலை இராது. தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, காலால் மிதித்துத் தரையை இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுவர். வெயில் ஏற ஏற உப்பு விளையும். தெற்கே உள்ள கழுவெளி ஏரியிலோ குளிர்காலத்து வலசைப் பறவைகள் பங்குனிக்குப் பின் அரிதாகிவிடும். இந்த ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உப்பின் தொடக்கமும் பறவைகளின் இறுதியும் சந்திக்கும் மாதம் மாசி.

முதல் நாள் விடியற்காலையில் உப்பளத்தைக் காணுங்கள். வரப்போடு நின்றுவிடுங்கள்; நம் காலடிச் சேறு பட்டால் அவர்கள் உழைப்பு பாழாகும். பின்னர் பூமீஸ்வரரைத் தரிசிக்கலாம். சோழர் காலக் கற்றளியான இக்கோயிலின் கல்வெட்டுகள் உப்பளங்களையும் குறிக்கின்றன. உச்சிக்காலத்துக்குப் பின் நடை சார்த்துவார்களாதலால், நண்பகலை ஓய்வுக்கு ஒதுக்குங்கள்.

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. மயிலம் முருகனும், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர் சீனிவாசப் பெருமாளும் அங்கே எழுந்தருள்வர். பழைய குறுநில மன்னனின் பெயர் இன்றும் ஒரு பெருமாளோடு கடலுக்கு வருகிறது! கூட்டத்தில் முதியவர்கள் கடலில் இறங்க வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

மறுநாள் சம்பந்தர் பாடிய அரசிலி, இரும்பை மாகாளம் இரண்டையும் தரிசிக்கலாம். அரசிலியை இப்போது ஒழிந்தியாம்பட்டு என்பர். பௌர்ணமியன்று திருவக்கரை வக்கிரகாளியம்மன் சந்நிதியில் பெருங்கூட்டம் கூடும். அந்நாளைத் தவிர்த்துச் சென்றால் நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று தலங்களுக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கைக்காக ஓடினால் முழங்கால் வலிதான் மிஞ்சும்.

நோய் தீர வேண்டிக்கொண்டு கோயில்களில் உப்பும் மிளகும் கொட்டுகிறோம். அந்த உப்பு யாருடைய கால் வெடிப்பில் ஊறி விளைந்தது என்பதை ஒருமுறை நேரில் கண்டவர்களுக்கு, அடுத்த முறை கை நிறைய உப்பை அள்ளும்போது அவர்களுக்காகவும் ஒரு வேண்டுதல் எழும்.